சர்வர் செயலியின் தொடக்க நிரலை ஒழுங்குபடுத்துவது எப்படி

ஒரு சர்வர் செயலியின் மெயின் கோப்பு முதல் நாளில் 20 வரிதான் இருக்கும். இரண்டு ரூட்டைச் (எந்த முகவரிக்கு எந்த நிரல் பதில் சொல்லும் என்ற விதி) சேர், போர்ட்டைத் திற, அவ்வளவே. சில மாதங்களில் அதே கோப்பில் தரவுத்தளக் கனெக்‌ஷன், லாக், மின்னஞ்சல் அனுப்பும் கிளையன்ட், இரவில் ஓடவேண்டிய வேலை எல்லாம் குடியேறிவிடும். கூடவே, "இந்த வரியை நகர்த்தாதீர்கள்" என்று யாரோ எழுதிவைத்த கமென்ட்டும். அந்தக் கமென்ட்தான் நோயின் முதல் அறிகுறி. வரிசை முக்கியம் என்று யாருக்கோ தெரிந்திருக்கிறது. ஏன் முக்கியம் என்பது நிரலில் எங்கும் இல்லை.

மாட்யூல்களைத் தனித்தனி ஃபோல்டரில் போட்டதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைப்பார்கள். ஃபோல்டர் பிரிப்பது சுலபம். அவை எந்த வரிசையில் உயிர்பெறுகின்றன, எது விழுந்தால் எது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் மண்டை உடையும். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. உதாரணத்துக்குப் பயனர், சரக்கு, ஆர்டர், கட்டணம், அறிவிப்பு என ஐந்து மாட்யூல் கொண்ட ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். மொழி எதுவானாலும் வழிமுறை ஒன்றுதான். மாறும் இடங்களில் மொழியின் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

படி 1: இப்போது என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்

நிரலைத் தொடும் முன், செயலி தொடங்கும்போது நடப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஏறத்தாழ எல்லாச் செயலிகளிலும் இந்த வேலைகள்தான் இருக்கும்: அமைப்புகளைப் படிப்பது, லாக்கைத் தயார் செய்வது, சேவைகளை உருவாக்கி ஒன்றோடொன்று இணைப்பது, மிடில்வேரையும் (ஒவ்வொரு கோரிக்கையும் வழியில் கடந்துபோகும் நிரல்) ரூட்களையும் அடுக்குவது, தரவுத்தளம் போன்ற வெளி உலகத்தோடு இணைவது, பின்னணி வேலைகளைத் தொடங்குவது, கடைசியாகப் போர்ட்டைத் திறப்பது.

எழுதியபின் ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்தக் கோப்பில் நடக்கிறது என்று குறியுங்கள். மெயின் கோப்பில் இல்லாத சில வேலைகள் அகப்படும். "தரவுத்தளக் கனெக்‌ஷன் எங்கே திறக்கிறது?" என்று தேடினால், உதவி நிரல் கோப்பு ஒன்றின் மேல்வரியில் சத்தமில்லாமல் திறந்துகொண்டிருக்கும்.

படி 2: இறக்குமதி செய்தாலே வேலை நடப்பதை நிறுத்துங்கள்

ஒரு கோப்பை இறக்குமதி செய்வதால் மட்டும் கனெக்‌ஷன் திறக்கக் கூடாது, டைமர் ஓடக் கூடாது, சூழல் மாறிகளை (நிரலுக்கு வெளியிலிருந்து இயங்குதளம் தரும் அமைப்பு மதிப்புகள்) படிக்கக் கூடாது. கோப்பின் மேல்மட்டத்தில் வரையறைகள் மட்டும் இருக்கட்டும். செயல் எல்லாம் ஃபங்ஷனுக்குள் போகட்டும்.

மீறினால் என்ன ஆகும்? விலை கணக்கிடும் ஒரு சின்ன ஃபங்ஷனைச் சோதிக்கக்கூடத் தரவுத்தளம் ஓட வேண்டியிருக்கும். இறக்குமதி வரிகளை எடிட்டர் தானாக அகரவரிசைப்படுத்தினால் செயலி உடையும். பைத்தானில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குனிகார்ன் என்ற பைத்தான் சர்வரைப் ப்ரீலோட் விருப்பத்தோடு ஓட்டினால், தாய்ச் செயல்முறை நிரலை ஏற்றிய பிறகே பிள்ளைச் செயல்முறைகள் பிரியும். இறக்குமதியில் திறந்த ஒரே தரவுத்தளக் கனெக்‌ஷனை எல்லாப் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ள, ஒருவருடைய கேள்விக்கான பதில் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். இந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது கொடுமை.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு மாட்யூலை மட்டும் இறக்குமதி செய்யும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட்டை நோட்.ஜேஎஸ்ஸில் ஓட்டுங்கள். அது உடனே முடிந்து திரும்ப வேண்டும். தொங்கிக்கொண்டு நின்றால் உள்ளே ஏதோ சாக்கெட்டோ டைமரோ திறந்திருக்கிறது. பைத்தானில் 3.7 முதல் இறக்குமதி நேரத்தைக் காட்டும் விருப்பம் உண்டு. கிளாஸ்களை மட்டும் வரையறுக்கும் ஒரு கோப்புக்கு அரை விநாடி ஆகிறதென்றால் அதன் உள்ளே பார்க்க வேண்டும்.

படி 3: எல்லா மாட்யூலுக்கும் ஒரே வடிவம்

இதுதான் முழு ஏற்பாட்டின் அச்சாணி. ஒவ்வொரு மாட்யூலும் தன்னைப் பற்றி ஐந்து விஷயம் சொல்ல வேண்டும்: பெயர், யாரை நம்பியிருக்கிறது, எதைப் பதிவு செய்கிறது, எப்படித் தொடங்குகிறது, எப்படி நிற்கிறது. கீழே இருப்பது எந்த மொழியும் இல்லை. உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'கொள்கலன்' என்பது சேவைகளை உருவாக்கிக் கேட்பவருக்குத் தரும் பெட்டகம்.

மாட்யூல் ஆர்டர்:
    தேவை = [தரவுத்தளம், சரக்கு, கட்டணம்]
    பதிவு(கொள்கலன், ரூட்கள், அமைப்பு):
        கொள்கலன்.சேர்(ஆர்டர்சேவை)
        ரூட்கள்.சேர்("/ஆர்டர்கள்", ஆர்டர்கையாளி)
    தொடங்கு():
        காலாவதிவேலை.ஓடவிடு()
    நிறுத்து():
        காலாவதிவேலை.நிறுத்திக் காத்திரு()

பதிவும் தொடக்கமும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். பதிவில் நெட்வொர்க்கைத் தொடவே கூடாது. "இந்தச் சேவை இருக்கிறது, கேட்டால் இப்படி உருவாக்கு" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. நேரம் எடுப்பதும் தோல்வியடையக் கூடியதும் தொடக்கத்தில் மட்டும் நடக்கட்டும். இந்தக் கோடு தெளிவாக இருந்தால், எல்லாவற்றையும் பதிவு செய்து எதையும் தொடங்காமல் ஒரு டெஸ்ட் எழுதலாம். இணைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று ஓரிரு விநாடியில் தெரிந்துவிடும்.

தொடங்கவும் நிறுத்தவும் எதுவும் இல்லாத மாட்யூல்கள் நிறைய இருக்கும். அவற்றில் அந்த ஃபங்ஷன்களைக் காலியாக விடலாம். வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக வேலை கண்டுபிடிக்க வேண்டாம்.

படி 4: மெயின் கோப்பு

அமைப்பு = அமைப்பைப் படித்துச் சரிபார்()
லாக் = லாக்கை உருவாக்கு(அமைப்பு.லாக்)
வரிசை = [தரவுத்தளம், பயனர், சரக்கு, கட்டணம், ஆர்டர், அறிவிப்பு]

வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும்: பதிவு(...)
வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும்: தொடங்கு()
போர்ட்டைத் திற(அமைப்பு.போர்ட்)
நிறுத்தும் சிக்னலுக்குக் காத்திரு()
போர்ட்டை மூடு()
தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றுக்கும்: நிறுத்து()

மெயின் கோப்பு இதைவிடப் பெரிதாக வளர்ந்தால் ஏதோ ஒரு மாட்யூலின் வேலை வெளியே கசிகிறது என்று பொருள்.

மாட்யூல் பட்டியலைக் கையால் எழுதுவதா, ஃபோல்டரைத் துழாவித் தானாகக் கண்டுபிடிப்பதா? பத்துப் பதினைந்து மாட்யூல் வரை கையால் எழுதுங்கள். தானாகக் கண்டுபிடிப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு எல்லாக் கோப்பு முறைமையும் உத்தரவாதம் தருவதில்லை. உங்கள் கணினியில் ஓடுவது சர்வரில் ஓடாமல் போகலாம். புதிதாகச் சேர்பவருக்கும், செயலியில் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒரே வரியில் பார்க்க முடிவது பெரிய உதவி.

எண்ணிக்கை கூடினால், ஒவ்வொரு மாட்யூலும் சொல்லும் 'தேவை' பட்டியலிலிருந்து வரிசையைக் கணக்கிடலாம். 1962இல் கான் வெளியிட்ட அல்காரிதமே போதும். யாரையும் நம்பாத மாட்யூலை எடுத்து வரிசையில் வை. மற்றவற்றின் தேவைப் பட்டியலிலிருந்து அதை அடி. மீண்டும் யாரையும் நம்பாததைத் தேடு. தேடிக் கிடைக்காமல் சில மாட்யூல்கள் மிஞ்சினால், அங்கே ஒன்றையொன்று நம்பியிருக்கும் சுழற்சி இருக்கிறது. அந்தப் பெயர்களைப் பிழைச் செய்தியில் அச்சிட்டுவிட்டு வெளியேறுங்கள்.

சுழற்சி வராத செயலி அபூர்வம். ஆர்டர் மாட்யூல் கட்டணத்தை அழைக்கிறது. பணம் வந்ததும் நிலையை மாற்றக் கட்டணம் ஆர்டரை அழைக்கிறது. இறக்குமதியை ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்தால் பிழைச் செய்தி மறையும், சுழற்சி மறையாது. நோட்.ஜேஎஸ்ஸின் பழைய ரிக்வயர் முறையில் இது பாதி நிரம்பிய ஆப்ஜெக்ட்டாகக் கையில் வந்து, எங்கோ தொலைவில் வெடிக்கும். ஜாவாவின் ஸ்பிரிங் பூட் 2.6 பதிப்பிலிருந்து சுழற்சியை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. அமைப்பை மாற்றி அனுமதிக்கலாம், ஆனால் மாற்றாதீர்கள். சரியான தீர்வு ஒரு திசையை அறுப்பது. கட்டணம் "பணம் வந்தது" என்று ஒரு நிகழ்வை வெளியிடட்டும், ஆர்டர் அதைக் கேட்டுத் தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ளட்டும். இப்போது கட்டணத்துக்கு ஆர்டர் என்ற ஒன்று இருப்பதே தெரியத் தேவையில்லை.

படி 5: அமைப்புகளை ஒரே தடவை, முதலிலேயே

சூழல் மாறிகளை நிரலின் எல்லா மூலைகளிலும் படிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரே இடத்தில் படித்து, சரிபார்த்து, வகை மாற்றி, ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதன் பங்கை மட்டும் கொடுங்கள். கட்டணத்தின் ரகசியச் சாவி அறிவிப்பு மாட்யூலின் கண்ணில் படக் காரணமே இல்லை.

சரிபார்க்கும்போது முதல் பிழையிலேயே நிற்காமல் எல்லாப் பிழைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு மாறிகள் விடுபட்டிருந்தால் நான்கு முறை நிறுவித்தான் அது தெரிய வேண்டும் என்பது அநியாயம். மதிப்பைச் சரிபார்ப்பதும் முக்கியம். சூழல் மாறி எப்போதும் எழுத்துச் சரம்தான். "ஃபால்ஸ்" என்ற சரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டோ பைத்தானோ நேரடியாகப் பூலியனாக்கினால் மெய் என்றே கொள்ளும், ஏனென்றால் சரம் காலியாக இல்லை. காலக்கெடுவின் பெயரிலேயே அலகையும் எழுதுங்கள். 30 என்பது விநாடியா மில்லிவிநாடியா என்று தெரியாமல் எழுதிய அமைப்பு, சுமை ஏறும்போதுதான் பல்லைக் காட்டும்.

டாட்நெட் 6 முதல் அமைப்புகளைத் தொடக்கத்திலேயே சரிபார்க்கச் சொல்லும் வசதி உண்டு. அதைக் கேட்காவிட்டால், அந்த அமைப்பை முதன்முதலாகப் பயன்படுத்தும் நொடியில்தான் பிழை வெளிவரும். அது நிறுவி மூன்று நாள் கழித்தாகவும் இருக்கலாம்.

படி 6: பதிவில் இரண்டு பொறிகள்

ஒன்று, ஆயுட்காலம். சில சேவைகள் செயலி முழுதும் ஒன்றே. சில, கோரிக்கைக்கு ஒன்று. நீண்ட ஆயுள் கொண்டது குறுகிய ஆயுள் கொண்டதைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டால், கோரிக்கையோடு போயிருக்க வேண்டிய தரவுத்தள அமர்வு சாகாமல் தங்கிவிடும். பிறகு பழைய தரவு தெரியும், இரண்டு கோரிக்கைகள் ஒரே அமர்வில் மோதும். டாட்நெட்டின் வலைச் சட்டகமான ஏஎஸ்பி.நெட் கோர் இதைக் கண்டுபிடித்துப் பிழை தரும், ஆனால் இயல்பில் டெவலப்மென்ட் சூழலில் மட்டும். டெஸ்ட்டிலும் அந்தச் சோதனையை வெளிப்படையாக இயக்கி வையுங்கள்.

மற்றொன்று, மிடில்வேரின் வரிசை. யார் என்று அறியும் மிடில்வேருக்கு முன்பே அனுமதி பார்க்கும் மிடில்வேர் நின்றால், உள்நுழைந்தவருக்கும் 401 (உள்நுழையவில்லை என்ற பதில்) கிடைக்கும். நோட்.ஜேஎஸ்ஸின் எக்ஸ்பிரஸ்ஸில், கோரிக்கையின் உடலைப் பிரித்துப் படிக்கும் மிடில்வேர் ரூட்டுக்குப் பின்னால் இருந்தால் கோரிக்கையின் உடல் காலியாகத் தெரியும். பிழை கையாளி எக்ஸ்பிரஸ்ஸில் கடைசியில் வர வேண்டும், ஏஎஸ்பி.நெட் கோரில் முதலில். அங்கே ஒவ்வொரு மிடில்வேரும் தனக்கு அடுத்ததைச் சுற்றிக்கொள்வதால், வெளியே நிற்பதுதான் உள்ளே நடக்கும் பிழையைப் பிடிக்கும். ஆகவே மிடில்வேரை மாட்யூல்களிடம் விடாதீர்கள். ரூட்களை மாட்யூல்கள் தரட்டும். எல்லோருக்கும் பொதுவான மிடில்வேர் ஒரே கோப்பில், ஒரே கையால் அடுக்கப்படட்டும்.

படி 7: தொடக்கம்

தரவுத்தளத்தோடு இணைவது முதல் முயற்சியில் தோற்கலாம். கன்டெய்னர்கள் (செயலியையும் தரவுத்தளத்தையும் தனித்தனியாக அடைத்து ஓட்டும் பொதிகள்) ஒன்றாக எழும்போது, தரவுத்தளம் இன்னும் கண் விழித்திருக்காது. மீண்டும் முயல வேண்டும், ஆனால் எல்லையோடு. 5 முயற்சி, ஒவ்வொன்றுக்கும் 3 விநாடிக் கெடு, இடையில் 1, 2, 4, 8 விநாடி இடைவெளி என்று வைத்தால் மிக மோசமான நிலையில் 30 விநாடி. அதற்குள் ஆகாவிட்டால் பூஜ்ஜியமல்லாத குறியீட்டோடு வெளியேறுங்கள். கடவுச்சொல் தவறு என்ற பிழைக்கு மறுமுயற்சியே வேண்டாம். காத்திருந்தால் கடவுச்சொல் சரியாகிவிடாது.

கனெக்‌ஷன் தொகுப்பு (திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துபவை) ஒன்றே இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக 100 கனெக்‌ஷன்தான் அனுமதிக்கும், அதிலும் 3 நிர்வாகிக்கு ஒதுக்கம். ஐந்து மாட்யூலும் தலா 10 கொண்ட தனித் தொகுப்பை வைத்தால் ஓடும் செயலியின் ஒரு பிரதிக்கு 50 வரை போகும். மூன்று பிரதிக்கு 150. தரவுத்தள மாட்யூல் ஒரே தொகுப்பை வைத்து எல்லோருக்கும் பகிர்ந்தால் மூன்று பிரதிக்கு 30. புதிய பதிப்பை ஏற்றும்போது பழையதும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும், அப்போதும் 60தான்.

அட்டவணை மாற்றும் மைக்ரேஷனைத் தொடக்கத்தில் வைக்காதீர்கள். மூன்று பிரதிகள் ஒரே நேரத்தில் எழுந்தால் மூன்றும் ஒரே அட்டவணையை மாற்றப் பார்க்கும். புதிய பதிப்பை ஏற்றும் முன் தனிக் கட்டளையாக ஓட்டுவதே நல்லது. வேறு வழியே இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ்ஸின் அட்வைசரி லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பெறக்கூடிய பூட்டு) எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

பின்னணி வேலையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்ப வேண்டும். ஏஎஸ்பி.நெட் கோர் இத்தகைய சேவைகளை இயல்பாகப் பதிவு செய்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தொடங்கும். ஒன்று தன் தொடக்க ஃபங்ஷனிலேயே சுழன்றுகொண்டிருந்தால் அடுத்தது தொடங்காது. அதே நேரம், பின்னணியில் வரும் பிழையை யாராவது பிடிக்கவும் வேண்டும். நோட்.ஜேஎஸ் 15 முதல், பிடிக்கப்படாத பிராமிஸ் (பின்னர் முடியும் வேலை) பிழை முழுச் செயல்முறையையும் வீழ்த்திவிடும்.

வரிசையில் நான்காவது மாட்யூல் தொடங்கும்போது தோற்றால், முதல் மூன்றையும் தலைகீழாக நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். அதற்குத் தொடங்கியவற்றின் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றும் வெற்றிகரமாக முடிந்த பிறகே அதில் சேருங்கள். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் "கட்டணம் தொடங்கியது, 240 மில்லிவிநாடி" என்பது போல ஒரு லாக் வரி எழுதுங்கள். தொடக்கம் மெதுவாகும் நாளில் இந்த வரிகளே போதும்.

படி 8: போர்ட்டும் நல நிலையும்

போர்ட்டைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். முன்பே திறந்தால், முதல் சில கோரிக்கைகள் அரைகுறைச் செயலியில் போய் 500 (சர்வர் பிழை) வாங்கும். கன்டெய்னருக்குள் 127.0.0.1 முகவரியில் கேட்டால் வெளியிலிருந்து யாரும் எட்ட முடியாது, 0.0.0.0 என்று கொடுங்கள்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் ஓடுமென்றால் இரண்டு கேள்விகளைப் பிரியுங்கள். "உயிரோடு இருக்கிறாயா?" என்பதற்குச் செயல்முறை ஓடுகிறதா என்பது மட்டுமே பதில். "கோரிக்கை ஏற்கத் தயாரா?" என்பதில் தேவையானால் தரவுத்தளத்தையும் பார்க்கலாம். முதல் கேள்விக்குள் தரவுத்தளத்தைச் செருகினால், தரவுத்தளம் ஒரு நிமிடம் தடுமாறும்போது எல்லாப் பிரதிகளும் ஒன்றாகக் கொல்லப்பட்டு, ஒன்றாக எழுந்து, அதே தரவுத்தளத்தின் மேல் விழும். முதல் கேள்வி இயல்பாக 10 விநாடிக்கு ஒரு முறை வரும், தொடர்ந்து 3 தோல்வி என்றால் செயலி கொல்லப்பட்டு மீண்டும் தொடங்கப்படும். உங்கள் செயலி தொடங்க 45 விநாடி எடுத்தால், தொடங்கி முடியும் முன்பே கொல்லப்பட்டு மீண்டும் மீண்டும் பிறக்கும். இதற்கென்றே தொடக்க நிலைச் சோதனை தனியாக இருக்கிறது. அது வெற்றி பெறும் வரை மற்றவை காத்திருக்கும்.

படி 9: நிறுத்துவது

தொடக்கத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை. குபெர்னெட்டிஸ் முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும். இயல்பாக 30 விநாடிக்குள் முடிக்காவிட்டால் சிக்கில், அதாவது உடனே கொல்லும் சிக்னல். அப்போது வெளியேறும் குறியீடு 137, அதாவது 128 கூட்டல் 9. ஒவ்வொரு முறை புதிய பதிப்பை ஏற்றும்போதும் 137 தெரிந்தால், உங்கள் நிறுத்தும் நிரல் ஓடவே இல்லை என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் காரணம் டாக்கர் கோப்பில் இருக்கும். தொடக்கக் கட்டளையை ஷெல் வடிவில் எழுதினால் சிக்னல் ஷெல்லோடு நின்று உங்கள் செயலியை எட்டாது. பட்டியல் வடிவில் எழுதுங்கள்.

சிக்டெர்ம் வந்ததும் "தயார் இல்லை" என்று சொல்லிவிட்டு 5 விநாடி போலக் காத்திருங்கள்; கோரிக்கைகளைத் திருப்பிவிடுபவர்களுக்குச் செய்தி போய்ச் சேர நேரம் வேண்டும். பிறகு போர்ட்டை மூடி, கையில் இருக்கும் கோரிக்கைகளை முடியுங்கள். அதன் பின் மாட்யூல்களைத் தலைகீழாக நிறுத்துங்கள். தரவுத்தளம் முதலில் தொடங்கியதால் கடைசியில் மூடும். நோட்.ஜேஎஸ் 19க்கு முந்தைய பதிப்புகளில், சர்வரை மூடச் சொன்னாலும் சும்மா திறந்திருக்கும் கீப்-அலைவ் கனெக்‌ஷன்களுக்காக அது காத்திருக்கும். அவற்றைத் தனியாக மூட வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து 25 விநாடியைத் தாண்டாமல் ஒரு மொத்தக் கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய செயலியை மாற்றும்போது

ஒரே நாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போடாதீர்கள். முதலில் அமைப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் உடைவது குறைவு, பலன் உடனே தெரியும். அடுத்து தரவுத்தளத்தை மாட்யூலாக்கி, இறக்குமதியில் திறக்கும் கனெக்‌ஷனை அகற்றுங்கள். மூன்றாவதாக, யாரும் நம்பியிராத ஒரு மாட்யூலை எடுங்கள். நம் உதாரணத்தில் அது அறிவிப்பு. மற்றவர்கள் வெளியிடும் நிகழ்வுகளைக் கேட்பதோடு சரி, அதை யாரும் அழைப்பதில்லை. ஆர்டரைக் கடைசியில் தொடுங்கள். ஒவ்வொரு மாட்யூலையும் மாற்றியதும், எல்லாவற்றையும் பதிவு மட்டும் செய்யும் அந்த டெஸ்ட்டை ஓட்டுங்கள். பிறகு செயலியைத் தொடங்கி, சிக்டெர்ம் அனுப்பி, வெளியேறும் குறியீடு 0 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த மாட்யூலுக்குப் போகலாம்.